கணவருக்கு எதிராக மனைவி சாட்சி சொல்ல வேண்டுமா?

ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். அவருடைய அக்காவின் கணவர் மேல் கொலை வழக்கு. சம்பவம் நடந்த இரவு வீட்டுக்கு வந்தவர், அக்காவிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார். அது என்ன என்று அக்கா இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறது போலீஸ். "புருஷனுக்கு எதிராகப் பெண்டாட்டியைச் சாட்சி சொல்ல வைக்க முடியாது என்கிறார்களே, அப்படியானால் அக்கா பேசாமலே இருந்துவிடலாமா?"

தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. மீதிப் பாதி அமெரிக்க சீரியல்களிலிருந்து இங்கே இறங்கியது. அங்கே தம்பதிக்கு இரண்டு தனித்தனிப் பாதுகாப்புகள் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட துணைக்கு எதிராகக் கூண்டேறவே மறுப்பது ஒன்று. இருவரும் ரகசியமாகப் பேசிக்கொண்டது வெளியே வராமல் தடுப்பது இன்னொன்று. முதலாவது யார் கையில் இருக்கிறது என்ற குழப்பத்தை, டிராமல் என்ற ஹெராயின் கடத்தல் வழக்கில் 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சாட்சி சொல்வதா வேண்டாமா என்பதைச் சாட்சியாக வரும் துணையே முடிவு செய்துகொள்ளலாம், குற்றம் சாட்டப்பட்டவர் தடுக்க முடியாது என்றது. படங்களில் வில்லன், தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய பெண்ணை அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்கிறானே, அது இந்த முதல் வகையை நம்பித்தான்.

நம் நாட்டில் அந்த முதல் வகை கிடையாது. 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 120-வது பிரிவு, குற்ற வழக்கில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கணவனோ மனைவியோ தகுதியுள்ள சாட்சிதான் என்று சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அதே விஷயம் 126-வது பிரிவில் இருக்கிறது. மனைவி என்பதற்காகச் சம்மனை மறுக்க எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. சம்மன் வந்தால் போக வேண்டும், கூண்டேற வேண்டும், பிரமாணம் எடுக்க வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சியாக ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3)-ஐச் சிலர் இங்கே கொண்டுவந்து நுழைப்பார்கள். அது குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த உரிமை. அவருடைய வீட்டுக்காரம்மா வரைக்கும் அது நீளாது.

இரண்டாவது வகை நம்மிடம் உண்டு. சொல்லப்போனால் அமெரிக்காவைவிடக் கெட்டியாகவே உண்டு. பழைய சட்டத்தில் 122, புதியதில் 128. கல்யாணம் ஆகி இருக்கும் காலத்தில் துணை தன்னிடம் தெரிவித்த எதையும் வெளியிடும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் முதல் பாதி. அந்தத் துணை சம்மதிக்காமல், அதை வெளியிட இவரை அனுமதிக்கவும் கூடாது என்பது அடுத்த பாதி. இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பூட்டு மனைவியின் வாயில், சாவி கணவரின் கையில். அக்காவே மனம் மாறி, "அவர் சொன்னதை நான் சொல்லிவிடுகிறேன் ஐயா" என்று கூண்டில் நின்றாலும், கணவர் சம்மதிக்காதவரை அந்தப் பேச்சை நீதிபதி பதிவு செய்யக் கூடாது. எதிரியின் வக்கீல் அசந்துபோய் ஆட்சேபிக்காமல் விட்டுவிட்டார் என்பது சம்மதம் ஆகாது என்பது என் வாசிப்பு. 'அனுமதிக்கக் கூடாது' என்ற சொல் நீதிபதிக்கு இடப்பட்ட கட்டளை.

சரி, கணவர் 'தெரிவித்தது' என்றால் எது? எல்லாச் சண்டையும் இந்த ஒரு சொல்லில்தான். 1954-ல் உச்ச நீதிமன்றம் வரை வந்த ராம் பரோசே வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் நடந்த கொலை. எதிரியின் மனைவியே சாட்சி. இன்னும் விடியவில்லை, இருட்டாக இருந்தது, கணவர் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கி வந்தார், மாட்டுத் தீவனம் போட்டு வைக்கும் அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தார், குளித்தார், மறுபடி வேட்டியைக் கட்டிக்கொண்டார். இதெல்லாம் அந்த அம்மா கண்ணால் கண்டது. அதோடு, உனக்கு நகை தருகிறேன் என்று அவர் சொன்னதையும், நடு வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன் என்று சொன்னதையும் அந்த அம்மா சாட்சியத்தில் சேர்த்துச் சொன்னார். நீதிமன்றம் இந்தச் சாட்சியத்தைக் கத்தி வைத்து அறுத்த மாதிரி இரண்டாக்கியது. நகையைப் பற்றிப் பேசிய பேச்சு செல்லாது. கூரையிலிருந்து இறங்கியதும் தீவன அறைக்குப் போனதும் குளித்ததும் நடத்தை, தெரிவித்தது அல்ல. ஆகவே அவை செல்லும்.

அந்தச் சாட்சியத்திலிருந்து பேச்சை எடுத்துவிட்டுப் பாருங்கள். விடியாத இருட்டில் கூரை வழியாக இறங்கி வந்து குளிக்கிற ஆள் மிச்சம் இருக்கிறான். அரசுத் தரப்புக்கு அதுவே பெரிய பலம். அதனால்தான், 'மனைவி எதுவும் சொல்ல முடியாது' என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள் என்கிறேன். அவர் எத்தனை மணிக்கு வந்தார், சட்டையில் கறை இருந்ததா, கையில் என்ன வைத்திருந்தார், வந்ததும் நேரே எங்கே போனார், மறுநாள் காலையில் எந்தப் பஸ் ஏறினார் என்று கேட்டால் உங்கள் அக்கா பதில் சொல்லியாக வேண்டும். அவர் என்ன சொன்னார் என்ற கேள்விக்கு மட்டும்தான் பூட்டு. வாயால் பேசினால்தான் பேச்சு என்றும் இல்லை. "நீங்களா செய்தீர்கள்?" என்று மனைவி கேட்டு, அவர் தலையை மட்டும் ஆட்டினால், என் கணக்கில் அதுவும் தெரிவித்ததுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பூட்டு போட்டிருப்பது மனைவியின் வாய்க்கு மட்டும், அந்தப் பேச்சுக்கு அல்ல. இதைத் தெளிவாக்கியது 1968-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வர்கீஸ் வழக்கு. பம்பாயிலிருந்த கணவர், கேரளத்தில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மாமனாரைக் கண்டபடி ஏசியிருந்தார். மனைவி அவற்றைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தார். மாமனார் மருமகன் மேல் திருவனந்தபுரத்தில் அவதூறு வழக்குப் போட்டார். கணவனும் மனைவியும் ஒரே ஆள், தனக்குத் தானே எழுதிக்கொண்டது எப்படி அவதூறாகும் என்று மருமகன் தரப்பு பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. கீழ்க் கோர்ட்டும் கேரள உயர் நீதிமன்றமும் அதற்குத் தலையசைத்தன. உச்ச நீதிமன்றம் அசையவில்லை. மனைவி கூண்டேறி அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல முடியாதுதான். ஆனால் கடிதம் மாமனார் கையில் இருக்கிறது, வேறு வழியில் அதை நிரூபிக்க முடியுமானால் நிரூபிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் அந்தக் கல்யாணமே செல்லாது என்று ஆகியிருந்தது. அதனாலும் எதுவும் மாறவில்லை. கடிதம் எழுதிய நாளில் இருவரும் கணவன் மனைவியா என்பதுதான் கணக்கு, சாட்சி சொல்லும் நாளில் அல்ல. விவாகரத்து வாங்கிய பிறகும் பழைய பேச்சுக்கு இந்தப் பூட்டு தொடர்வது இதனால்தான்.

அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் துணைக்கு எடுத்துக்கொண்ட இங்கிலாந்து வழக்கு இன்னும் சுவாரசியம். ரம்பிங் என்ற டச்சுக் கப்பல்காரர் வேல்ஸ் பகுதியில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு, மனைவிக்குக் கடிதம் எழுதி, தபாலில் சேர்க்கும்படி சக மாலுமியிடம் கொடுத்தார். அவர் கைதானதும் அந்தக் கடிதம் மனைவிக்குப் போகவில்லை. கேப்டன் வழியாகப் போலீஸ் கைக்குப் போனது. மனைவிக்கு எழுதிய கடிதம்தானே என்ற வாதம் 1962-ல் அங்கே எடுபடவில்லை.

இன்றைக்கு இதை வாட்ஸ்அப்புக்குப் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. கணவரின் போனைப் போலீஸ் கைப்பற்றி, அதிலிருந்து அவர் மனைவிக்கு அனுப்பிய மெசேஜை எடுத்து, மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தில் தேவையான 63-வது பிரிவுச் சான்றிதழோடு வைத்தால், வர்கீஸ் வழக்கின் தர்க்கம் அரசுத் தரப்புக்குத்தான் சாதகம். மனைவியைக் கேட்கவே வேண்டியதில்லை. அதேபோல, கணவன் மனைவியிடம் கிசுகிசுத்ததைத் திண்ணையில் படுத்திருந்த மாமியார் கேட்டிருந்தால் மாமியார் சொல்லலாம். பத்து வயதுப் பையன் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு கேட்டிருந்தால் பையனும் சொல்லலாம், நம்பும்படி இருந்தால். நம் வீடுகளின் சுவர்களும் மறைப்புகளும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

இனி போலீஸ் கட்டம். உங்கள் அக்காவுக்கு இப்போதைக்கு வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் விஷயம், சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 160-வது பிரிவில் இருந்த இந்த விதி, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ல் இருக்கிறது. பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவராக விரும்பிப் போனால் போகலாம். இது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி என்று நினைக்காதீர்கள். ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரும்படி சொன்னதை, 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த விதியைக் காட்டியே கண்டித்தார். முதல்வராக இருந்தவருக்கு உள்ள அதே உரிமை உங்கள் அக்காவுக்கும் உண்டு. "வீட்டுக்கு வாங்க சார், பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாக, முடிந்தால் எழுத்தில், சொல்லலாம்.

வீட்டுக்கு வந்து கேட்கும்போது, தெரிந்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பது 180-வது பிரிவு. வக்கீல்கள் வாயில் இன்னும் அது 161 ஸ்டேட்மென்ட்தான். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்ற விலக்கு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கணவரை மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. 128-ஐப் பிடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். சாட்சியச் சட்டமே நீதிமன்ற நடவடிக்கைகளுக்கானது. வாசல் திண்ணையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் நீதிமன்றம் இல்லை. அவர் கேட்கிறார், அக்கா சொல்லிவிடுகிறார், அதை வைத்துக்கொண்டு அவர் கிணற்றில் ஆளை இறக்கி அரிவாளை எடுத்துவிடுகிறார் என்று வையுங்கள். பேச்சு கோர்ட்டில் செல்லாமல் போகலாம். எடுத்த அரிவாள் எடுத்ததுதான். பூட்டு கோர்ட் வாசலில் தொங்குகிறது, வீட்டு வாசலில் இல்லை. ஆனாலும், "அவர் என்னிடம் தனியாகப் பேசியதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை, சட்டம் அதைக் காக்கிறது, நான் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்" என்று அக்கா சொல்வதில் தவறில்லை என்பது என் கருத்து. பேச மறுப்பது வேறு, பொய் சொல்வது வேறு. முந்தையதற்கு வாதம் உண்டு, பிந்தையதற்குக் கிடையாது.

அந்த ஸ்டேட்மென்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடச் சொன்னாலும் போட வேண்டாம், 181-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் வாங்கும் 183 ஸ்டேட்மென்ட், அதாவது பழைய 164, வேறு ரகம். சில வழக்குகளில் மனைவி பின்னால் மாறிவிடுவார் என்று பயந்து, போலீஸ் சீக்கிரமே அங்கே கூட்டிப் போகும். அதற்கு முன்னால் அக்கா ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். கணவரின் வக்கீலை அல்ல, தனியாக ஒருவரை. இருவரின் நலனும் ஒன்றாகவே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஒரு முக்கியமான வித்தியாசம். தேடப்படும் கணவனுக்கு மனைவி வீட்டில் இடம் கொடுத்தால் அது குற்றமல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது பற்றிய 249-வது பிரிவே, கணவன் மனைவிக்கு விலக்கு என்று சொல்லிவிடுகிறது. பயங்கரவாதத் தடுப்புக்கான உபா சட்டத்தில்கூட 19-வது பிரிவில் இந்த விலக்கு இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. சோறு போடலாம், படுக்க இடம் கொடுக்கலாம். ஆனால் ரத்தக் கறை படிந்த சட்டையை ஊறப்போட்டுத் துவைத்தாலோ அடுப்பில் போட்டாலோ கதை வேறு. அது தடயத்தை அழித்த குற்றம். 238-வது பிரிவில் மனைவிக்கு விலக்கு கிடையாது. மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தின் தடயம் என்றால் 7 வருஷம் வரை போகலாம். உங்கள் அக்கா அப்படி ஏதாவது செய்திருந்தால், எனக்கோ உங்களுக்கோ எழுதாமல் நேரே அவருடைய வக்கீலிடம் மட்டும் சொல்லட்டும்.

128-க்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. தம்பதிக்குள் நடக்கும் வழக்கு ஒன்று. ஒருவருக்கு எதிராக மற்றவர் செய்த குற்றத்துக்கான வழக்கு இன்னொன்று. அடித்த கணவன், கொளுத்தப் பார்த்த கணவன், வரதட்சணை கேட்டு வதைத்த கணவன், "நமக்குள் பேசியது" என்று ஒளிந்துகொள்ள முடியாது. மனைவி எல்லாவற்றையும் சொல்லலாம். எனக்கு நெடுநாளாக உறுத்துவது இந்த விதிவிலக்கின் குறுகல். 'மற்றவருக்கு எதிராக' என்றால் மற்றவருக்கு எதிராகத்தான். பெற்ற பிள்ளைக்கு எதிரான குற்றம் அதில் இல்லை. மகளைக் கொன்றவன் மனைவியிடம் அதை ஒப்புக்கொண்டால், எழுத்துப்படி அந்தத் தாய் அதைக் கூண்டில் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டுச் சட்டத்தின் 80-வது பிரிவு, 16 வயதுக்குக் குறைந்தவர்களைத் தாக்கிய வழக்கு என்றால் துணையைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாம் என்று வைத்திருக்கிறது. 1872-ல் எழுதியதை 2023-ல் பிரிவு எண் மாற்றித் திரும்ப எழுதியபோது நம்மவர்கள் இந்த ஓட்டையை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை.

குழந்தைகள் மேலான பாலியல் குற்றம் என்றால் மட்டும் வேறு சட்டம் குறுக்கே வருகிறது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, தெரிந்த எவரும் போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். மனைவி என்று விலக்கு கிடையாது. கொடுக்காமல் மறைத்தால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை தண்டனை.

எந்தக் கல்யாணத்துக்கு இந்தப் பாதுகாப்பு என்றும் சிலர் கேட்பார்கள். சட்டப்படி செல்லும் கல்யாணத்துக்கு. ஐயர் வராத, தாலி மட்டும் கட்டிய அல்லது மாலை மட்டும் மாற்றிய சுயமரியாதைத் திருமணத்துக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 1967-ம் வருஷத் திருத்தத்தில் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் 7ஏ வந்ததிலிருந்து அது முழுக் கல்யாணம். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது கட்டிய 'இரண்டாவது'க்குக் கிடையாது. சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் கிடையாது. நிச்சயதார்த்தம் முடிந்து போனில் பேசிக்கொண்ட காலத்துப் பேச்சுக்கும் கிடையாது. வில்லன் அவசரமாகத் தாலி கட்டினால் இங்கே பலிக்காது என்பதும் இதனால்தான். தாலிக்கு முன்னால் கேட்டது, பார்த்தது எதற்கும் பூட்டு இல்லை.

ரகசியமாகப் பதிவு செய்து குடும்ப கோர்ட்டில் கொடுக்கும் ஆடியோவைப் பற்றியும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மனைவியின் போன் விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுத்த கணவருக்கு எதிராக, அந்தரங்க உரிமையைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார். 2025 ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் வேறு ஒரு வழக்கில், விவாகரத்து வழக்கு தம்பதிக்குள் நடப்பதால் விதிவிலக்கில் வரும், ரகசியப் பதிவையும் ஏற்கலாம் என்றது. அது தம்பதிக்குள் நடக்கும் வழக்கு. அரசு நடத்தும் கொலை வழக்கில் அந்த விதிவிலக்கு இல்லை. ஆகவே உங்கள் அக்கா விஷயத்தில் அதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், வழக்கு விசாரணைக்கு வரும் நாள். சம்மன் வந்தால் அக்கா போகட்டும். அரசு வக்கீல் முதல் விசாரணையில் கேட்பார்: "அன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் வந்து என்ன சொன்னார்?" அக்கா உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. ஒரு மூச்சு விட்டு, எதிரியின் வக்கீல் எழுகிறாரா என்று பார்க்கட்டும். எழவில்லை என்றால் நீதிபதியைப் பார்த்து, "ஐயா, அவர் எனக்கு மட்டும் சொன்னதை நான் சொல்லலாமா?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி போதும். மற்றதை நீதிபதி பார்த்துக்கொள்வார். அடுத்து, "எத்தனை மணிக்கு வந்தார்?" என்று கேட்டால், அதற்கு உள்ளதைச் சொல்லியே ஆக வேண்டும். மணி பதினொன்று என்றால் பதினொன்று. கணவரைக் காப்பாற்ற ஒன்பது என்று சொன்னால் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள். பொய்ச் சாட்சிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவில் 7 வருஷம் வரை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் சிசிடிவியில் பதினொன்று என்று ஓடிக்கொண்டிருந்தால், அக்காவின் மற்ற வார்த்தைகளையும் யாரும் நம்பமாட்டார்கள், கணவருக்குச் சாதகமானவை உட்பட.